எஃப்-பன்னெண்டு அக்காவும் மூச்சு வாங்காத குரலும்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் எஃப்-பன்னெண்டு அக்கா. யார் போன் செய்து எந்தக் குறையைச் சொன்னாலும், "சரிங்க, பதறாதீங்க. கீபோர்டுல மேல் வரிசையில எஃப்-பன்னெண்டுன்னு ஒண்ணு இருக்கும், அதை ஒரு தட்டு தட்டுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். தட்டினால் பிரவுசரின் ஓரத்தில் ஒரு பலகை திறக்கும். பக்கம் நமக்குக் காட்டும் சிரித்த முகத்துக்குப் பின்னால் என்னென்ன தகராறு நடக்கிறது என்பது அதில் வரி வரியாக ஓடும். தப்பு என்றால் சிவப்பு. அந்தச் சிவப்பு வரிகளை வாடிக்கையாளரின் கணினியிலிருந்து ஒரு கோப்பாகப் பிடித்து வாங்கி, புரோகிராம் எழுதுகிறவர்களிடம் கொடுப்பது அவள் வேலை. கேட்க லேசாகத்தான் இருக்கும். ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

முக்கால்வாசிப் பேர் பலகையைத் தப்பு நடந்து முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அப்போது அது துடைத்து வைத்த தட்டு மாதிரி காலியாக இருக்கும். "ஒண்ணுமே இல்லையேம்மா" என்பார்கள், ஏதோ அவள்தான் எடுத்து ஒளித்து வைத்தது போல. முதலில் பலகையைத் திறக்க வேண்டும்; பக்கம் மாறினாலும் பதிவு அழியாமல் இருக்க மேலே ஒரு சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும்; அதற்கப்புறம் அதே தப்பை மறுபடி வரவழைத்துச் சேமிக்க வேண்டும். இதில் ஒன்று முன்பின் ஆனாலும் போச்சு. இன்னொரு கூட்டம், கோப்பை அனுப்பச் சொன்னால் திரையைப் போனில் படம் எடுத்து அனுப்பும். அதில் பாதி கட்டைவிரல், மீதி ஜன்னல் வெளிச்சம். ஒரு புண்ணியவான் திரையைப் படம் எடுத்து, அதைத் தாளில் அச்சடித்து, தாளை மறுபடி படம் எடுத்து அனுப்பினார். அதையும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க, இப்ப இன்னொரு தடவை வேற மாதிரி பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்கிற பொறுமை அவளுக்கு இருந்தது. அந்தப் பொறுமை முழுக்க போனோடு சரி. வீட்டில் டீ ஆறிப்போனாலே சண்டைதான் என்று அவள் கணவன் சொல்வான்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை எங்கே கிடக்கிறது என்றெல்லாம் சொல்வாள். காணாமல்போன குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி நிதானமாகச் சொல்வாள், பெற்றவள் பயந்துவிடக் கூடாதே என்று. ஒரு நாள் நிர்வாகம் கணினிக் குரல் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியது. அதுவும் பெண் குரல்தான். ஆனால் மூச்சு வாங்காது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாது, நிறுத்தக் கூடாத இடத்தில் நின்று தொலைக்கும். "வண்டி நான்காம். மேடையில் இருந்து புறப்படும்" என்று அது முதல் நாள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள்தான். அன்றிலிருந்து அந்த மாதிரிக் குரல்கள்மேல் அவளுக்குத் தீராத கடுப்பு. வங்கிக்குப் போன் போட்டு, "எண் ஒன்றை அழுத்தவும்" என்று அது ஆரம்பித்ததுமே, "உன் கழுத்தைத்தான் அழுத்தணும்" என்று வைத்துவிடுவாள்.

அவள் கம்பெனி, ஸ்கேன் நிலையங்களுக்கும் சின்ன மருத்துவமனைகளுக்கும் நேரம் பதிவு செய்யும் பக்கம் ஒன்றை நடத்தியது. வரவேற்பில் இருப்பவர் நோயாளியின் பெயர், வயது, என்ன ஸ்கேன், எத்தனை மணி என்று போட்டுச் சேமித்தால் அந்த நேரம் அவருக்கு உறுதி. அவ்வளவுதான் அதன் வேலை. அதையும் அது ஒழுங்காகச் செய்யாத நாட்களில் அவள் போன் அலறும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒருவர் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "மேடம், வண்டி ஆஃப் ஆயிடுச்சு" என்றார்.

"எந்த வண்டிங்க?"

"உங்க வண்டிதான் மேடம். நல்லா ஓடிட்டே இருக்கு. எல்லாத்தையும் போட்டு முடிச்சு, சேமிக்கப் போற நேரத்துல பொசுக்குனு மொத்தப் பக்கமும் வெள்ளையாயிடுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணா போட்டது ஒண்ணுமே இல்ல."

ஒரு ஸ்கேன் நிலையத்தின் வரவேற்பில் வேலை பார்ப்பவர் அவர். அதற்கு முன் வருஷக்கணக்கில் லாரி ஓட்டியவர். முதுகுவலி என்று வண்டியை விட்டு இறங்கி, ரொம்ப நாள் வீட்டில் சும்மா இருந்து, இப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. அதுவும் சோதனைக் காலம். போனில் நேரம் கேட்டவர்களின் பெயரும் எண்ணும் சேர்ந்தே அழிந்துவிடும், திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வழியில்லை. பதிவு அழிந்துபோனது தெரியாமல் நோயாளிகள் வெறும் வயிற்றோடு வந்து நிற்கிறார்கள். வந்தால் அவர்கள் பெயருக்கு நேரமே இல்லை. பசியில் இருப்பவர்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்? நிலையத்தின் மேலாளர் அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டு, இவர் சேமிக்க மறந்துபோகிறார் என்று முடிவு கட்டிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற ஆள் போட்டுக்குவேன்னு சொல்லிட்டாங்க மேடம். மறுபடி வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டு இருக்க என்னால ஆகாது. எம் பொண்ணு இப்பதான் என்னைப் பாத்து சிரிக்கிறா."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றாள் அவள். வாய் தவறி வந்த அண்ணன்தான். டிரைவர் அண்ணன் என்று அவளுக்குள் பெயரும் வைத்தாயிற்று.

இங்கே அவளுடைய ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மனிதர்கள் பிரவுசரில் கண்டதையும் ஒட்டி வைத்திருப்பார்கள். விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, தள்ளுபடி தேட ஒன்று, பக்கம் திறக்கும்போதெல்லாம் பூனைப் படம் காட்ட ஒன்று. இந்தச் சேர்மானங்கள் எல்லாம் பதிவுக்குள் புகுந்து குப்பை கொட்டும். "என்னக்கா இது, பூனைக்கு நான் எங்க போய்ப் பதில் சொல்றது?" என்று புரோகிராமர்கள் எரிந்து விழுவார்கள். அதனால் அவள், பிரவுசரில் தனி ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே, சேர்மானம் எதுவும் வேலை செய்யாத ஜன்னல், அதில்தான் பதிவு எடுக்கச் சொல்வாள். எஃப்-பன்னெண்டு அக்கா பதிவு என்றால் சுத்தமாக இருக்கும் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

"அண்ணே, பிரவுசர்ல வேற ஏதாவது சேத்து வெச்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம். ஒண்ணுமே இல்ல." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

தனி ஜன்னல் திறந்தது. அதுவரை சுறுசுறுப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர் அதற்கப்புறம் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டார். "இருங்க மேடம், இருங்க இருங்க" என்றே பாதிக் காலை போனது. நாற்காலி கிறீச்சிட்டது. அவர் மூச்சு போனுக்கு வெகு அருகில் கேட்டது. ஸ்டியரிங் பிடித்த கை, கணினி புதுசு, பாவம் தடுமாறுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். கடைசியில் எல்லாம் போட்டுச் சேமித்தார். வெள்ளைப் பக்கம் வரவில்லை. மறுபடி போட்டார். அப்போதும் வரவில்லை. பதிவைக் கோப்பாக்கி அனுப்பினார். ஒரு சிவப்பு வரிகூட இல்லாத கோப்பு.

அவளுக்கு மேலே ஒரு மேற்பார்வையாளர். புகார்களைச் சட்டென்று மூடிவிடுவதில் மன்னன் என்பதால் அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் தாழ்ப்பாள். அவர் அந்தக் கோப்பைப் பார்த்தார், ஸ்கேன் நிலையத்துக்கு ஒரு பதில் தட்டினார்: 'இணைப்பில் உள்ள பதிவின்படி எங்கள் தரப்பில் பிழை ஏதும் இல்லை. பயன்படுத்துபவரின் கவனக்குறைவாக இருக்கலாம்.' தட்டிவிட்டுப் புகாரை மூடினார். சாப்பிடப் போய்விட்டார்.

புதன்கிழமை டிரைவர் அண்ணன் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குப் பழக்கம்தான், சமாளித்திருப்பாள்.

"உங்களை நம்பித்தானே மேடம் அனுப்பினேன்? மேலாளர் அம்மா அதையே அச்சடிச்சு எம் முன்னாடி போட்டாங்க. 'பாருங்க, நீங்களே எடுத்துக் குடுத்த சாட்சி'ன்னு சொல்றாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

நேராகத் தாழ்ப்பாளின் மேசைக்குப் போனாள்.

"சார், 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தை போட்டீங்களே, அது யாரு தலையில விழும்னு யோசிச்சீங்களா?"

"நான் என்னம்மா செய்யட்டும்? தப்பு நடந்ததுக்குத் தடயம் வேணும்ல? நீங்க குடுத்த பதிவுதானே அது?"

அதுதான் வலித்தது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்தச் சுத்தமான கோப்பு அவள் கைவேலை.

புரோகிராம் எழுதும் பையன்களில் தாடி என்று ஒருவன் உண்டு, நல்ல பிள்ளை. அவனிடம் போனாள். "நானும் தலைகீழா நின்னு பாத்துட்டேன்கா, எனக்கு வரவே மாட்டேங்குது. வராத தப்பை எப்படிக்கா திருத்துறது?" என்று கையை விரித்தான்.

அன்று மாலை வீட்டில் பாத்திரங்கள் படாதபாடு பட்டன. அவள் கணவன் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன். கை கழுவிக்கொண்டே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாரு மேல கோவம்? என் மேலயா, பாத்திரத்து மேலயா?"

அவள் கொட்டித் தீர்த்தாள். கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவன் துண்டில் கையைத் துடைத்தான்.

"போன மாசம் ஒரு பிரிட்ஜு, வீட்டுல ஒரே கடகடன்னு சத்தமாம். தூக்கிட்டு வந்து கடையில வெச்சேன். சத்தமே இல்ல. திருப்பிக் கொண்டுபோய் வெச்சேன், மறுபடி கடகட. மூணு தடவை தூக்கி என் இடுப்பு போச்சு. கடைசியில அங்கேயே ஸ்டூலைப் போட்டு உக்காந்து பாத்தா, தரையில ஒரு ஓடு ஆடுது. பிரிட்ஜை ஆடாத தரையில வெச்சா எப்படிச் சத்தம் போடும்? இருக்கிற இடத்துல வெச்சுத்தான் பாக்கணும்."

அவள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. தனி ஜன்னல். அந்த மனிதர் தினமும் வேலை பார்க்கிற இடத்திலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுபோய், ஆடாத தரையில் வைத்து, எங்கே ஆடு பார்ப்போம் என்று கேட்டிருக்கிறாள்.

"உனக்கு மூளை இருக்குன்னு நான் எப்பவுமே சொல்லுவேன்ல?"

"எப்ப சொன்னே?" என்றான் அவன்.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, இன்னைக்குத் தனி ஜன்னல் வேண்டாம். பலகையைத் திறந்து, கட்டத்துல டிக் போட்டுட்டு, தினமும் எப்படி வேலை பாப்பீங்களோ அப்படியே பாருங்க. போனை மேசைமேல வெச்சுடுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்."

"எப்பவும் போலவா?" அவர் தயங்கினார்.

"எப்பவும் போலத்தான்."

போன் மேசையில் உட்காரும் சத்தம். யாரோ ஒரு நோயாளி வந்தார். வணக்கம், உக்காருங்க, பேர் சொல்லுங்க. விசைகள் தட்டப்பட்டன. அதற்கு நடுவே, தணிந்த ஒலியில், ஒரு பெண் பேசினாள்: "நோயாளியின். பெயர். வயது ஐம்பத்து. மூன்று ஸ்கேன் வகை."

அவள் முதுகு நிமிர்ந்துவிட்டது. தொலைக்காட்சி இல்லை, பக்கத்து மேசைக்காரி இல்லை. மூச்சு வாங்காத அந்தக் குரல் அவளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. பேருந்து நிலையத்தில் அவள் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்த அதே இனம். இது இங்கே என்ன செய்கிறது என்று அவள் யோசிக்கும்போதே டிரைவர் அண்ணன், "போச்சு! வெள்ளை!" என்று கத்தினார்.

"பதிவைச் சேமிச்சு வெச்சுக்கங்க. அனுப்பாதீங்க, இருங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, உங்க பக்கத்துல படிச்சுக் காட்டுறது யாரு?"

"யாருமில்லையே மேடம்."

"அந்தக் குரலை எனக்கு நல்லாத் தெரியும்ணே. எங்கிட்ட மறைக்காதீங்க. நான் யாருகிட்டயும் சொல்லப் போறதில்ல."

நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு திறந்து மூடியது. அவர் வெளியே எங்கோ வந்து நின்று பேசினார்.

"முதுகுவலி இல்ல மேடம். கண்ணு. ஓரமெல்லாம் தெரியும், நேரா பாத்தா நடுவுல மட்டும் ஒரு மங்கல். யாரு மேலயும் ஏத்திடக் கூடாதேன்னுதான் வண்டியை விட்டு இறங்கினேன். எம் பொண்ணுதான் இந்தப் படிக்கிற சேர்மானத்தைப் போட்டுக் குடுத்தா. திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்லிடும். சத்தத்தைக் கம்மியா வெச்சு, அது சொல்றதைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை பாக்குறேன். அது இருந்தா நான் எல்லாரையும் மாதிரி. இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா கண்ணு தெரியாத ஆளை யாரு வரவேற்புல வெச்சுக்குவா?"

திங்கட்கிழமை என்ன நடந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தனி ஜன்னலைத் திறக்கச் சொன்னபோது அந்தக் குரலையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறாள். பாதிக் காலையும் அந்த மனிதர் திரையோடு முகத்தை ஒட்டி, தலையைச் சாய்த்துச் சாய்த்து, எழுத்து எழுத்தாகத் தேடிப் படித்து அவள் கேட்டதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறார். அதைத்தான் அவள் கணினி புதுசு என்று பரிதாபப்பட்டாள். தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அந்தக் கோப்பை அனுப்பணுமா?" என்று கேட்டார் அவர்.

அதில்தான் சிக்கல். புகாரோடு சேரும் கோப்பு எதுவானாலும் ஒரு நகல் நிலையத்தின் மேலாளருக்கும் போகும், அது கம்பெனி விதி. அந்தக் கோப்பில் சிவப்பு வரிக்குச் சிவப்பு வரி அந்தச் சேர்மானத்தின் பெயர் இருக்கும். பார்வை மங்கியவர்களுக்கான வாசிப்பு உதவி என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

"அனுப்பாதீங்க தங்கச்சி" என்றார் அவர். மேடம் போய்விட்டது.

"அனுப்பலைன்னா நாளைக்குக் கவனமில்லாத ஆளுன்னு வெளிய அனுப்புவாங்க. அனுப்பினா கண்ணைக் காரணம் காட்டி அனுப்புவாங்கன்னு பயம். அதானே?"

"அதான்."

"என்னண்ணே அநியாயமா இருக்கு! தப்பு எங்க பக்கத்துல, மறைஞ்சு நிக்கிறது நீங்களா?" அவள் கத்திவிட்டாள். பக்கத்து நாற்காலிகள் திரும்பின. மூச்சை இழுத்து விட்டாள். "சரி. உங்க கோப்பு எனக்கு வேண்டாம். அழிச்சிடுங்க. அந்தச் சேர்மானத்தோட பேரை மட்டும் சொல்லுங்க. என் கணினியில வர வெச்சா அது எங்க சோதனை, உங்க பேரு அதுல வராது."

பெயரை வாங்கித் தன் கணினியிலேயே அதைப் போட்டாள். எந்தக் குரலால் வேலையை விட்டு வந்தாளோ, அதே குரலைத் தன் கையாலேயே தன் மேசைக்கு அழைத்து வந்தாள். "வா தாயி, வந்து உக்காரு" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. எஃப்-பன்னெண்டைத் தட்டினாள், கட்டத்தில் டிக் போட்டாள், ஒரு பொய் நோயாளியை உருவாக்கினாள். பெயர்: தாழ்ப்பாள். ஸ்கேன் வகை: மூளை. குரல் அதைச் சத்தமாகப் படித்தது: "தாழ்ப்பாள். ஸ்கேன் வகை மூளை." அலுவலகமே அவள் மேசையைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. சேமிக்கும் பொத்தானை அழுத்தப் போனாள். பொசுக்கென்று திரை வெளுத்தது. ஓரத்துப் பலகையில் சிவப்பு வரிகள் மடமடவென்று கொட்டின.

"வந்துடுச்சு!" என்று கூவினாள். பிழை வந்ததற்கு இத்தனை சந்தோஷப்பட்டவளை அந்த அலுவலகம் பார்த்ததில்லை.

தாடி நாற்காலியை இழுத்துப் போட்டு வரிகளைப் படித்தான். படிக்கப் படிக்கத் தலையில் அடித்துக்கொண்டான். "அந்தக் குரல் படிக்கிற வார்த்தையை மஞ்சள்ல காட்டணும்னு அதைக் கொஞ்சம் நகத்தி வைக்குதுக்கா. நம்ம பக்கம் பழைய இடத்துல போய்த் தேடுது. காணோம்னதும் மொத்தமா மயங்கி விழுந்துடுது. யாராவது லேசா இடிச்சாலே விழற மாதிரி கட்டி வெச்சிருக்கோம். தப்பு அது மேல இல்ல, நம்ம மேலதான்." சாப்பாட்டுக்குக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்து திருத்தினான். மாலைக்குள் சரி. அந்தக் குரல் எத்தனை தடவை படித்தாலும் பக்கம் அசையவில்லை.

இனி ஸ்கேன் நிலையத்துக்குக் கடிதம். தாழ்ப்பாள் அவள் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தார். 'தவறு எங்களுடையது' என்ற வரியில் விரலை வைத்தார்.

"இப்படியெல்லாம் நாம எழுதறதில்லையேம்மா. 'சிறு மேம்பாடு செய்யப்பட்டது'ன்னு போடலாம்ல?"

"'இருக்கலாம்'னு எழுத வந்த கைக்கு இது வராதா சார்?"

அவள் தன் கணினியில் எடுத்த பதிவை அவர் திறந்து பார்த்தார். நோயாளியின் பெயரைப் பார்த்தார். ஸ்கேன் வகையைப் பார்த்தார். தன் பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். "ஸ்கேன் எடுத்துப் பாத்திருந்தா உள்ள ஒண்ணும் இருந்திருக்காது" என்று சொல்லிக்கொண்டே பெயரை மட்டும் மாற்றிப் புதுப் பதிவு எடுக்கச் சொன்னார். கடிதத்தின் கீழே அவரே ஒரு வரி சேர்த்தார்: 'எங்கள் அலுவலகச் சோதனையில் இந்தப் பிழை உறுதியானது. உங்கள் பணியாளர் விடாமல் சொல்லிவந்ததால்தான் இது தெரியவந்தது.' அனுப்பும் பொத்தானையும் அவர்தான் அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. போன் வரவில்லை.

இந்த வேலையின் சாபம் அது. குறை இருந்தால்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடவில்லை என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம், இல்லாவிட்டால் அந்த ஆளே அங்கே இல்லை என்று அர்த்தம். எது என்று யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். அவளாகக் கூப்பிடலாம்தான். வேறு யாராவது எடுத்து, அவர் இப்ப இங்க இல்லைங்க என்று சொல்லிவிட்டால்? எண்ணைப் பாதிவரை தட்டித் தட்டி அழித்தாள். சனிக்கிழமை ஏதோ காரியமாக வங்கிக்குப் போன் போட்டவள், அந்தக் குரலை முதல்முறையாகக் கடைசிவரை கேட்டாள். "போனாப் போகுது, அதுவும் யாருக்கோ சோறு போடுது" என்றாள். கணவன் காதில் விழாதது போல இருந்துகொண்டான்.

அடுத்த வாரத்தின் நடுவில், மத்தியான நேரம், ஸ்கேன் நிலையத்தின் எண் திரையில் மின்னியது. எடுத்தாள். முதலில் கேட்டது அந்தப் பெண் குரல். தணிந்து ஒளிந்து இல்லை, கூடம் முழுக்கக் கேட்கும்படி, கணீரென்று: "நோயாளியின். பெயர். வயது நாற்பத்து. ஒன்று."

"தங்கச்சி, நான்தான்" என்றார் டிரைவர் அண்ணன்.

"அண்ணே! அங்கதான் இருக்கீங்களா?" என்ன கேள்வி இது என்று அவளுக்கே தெரிந்தது. "சத்தத்தை இவ்வளவு வெச்சிருக்கீங்க? யாருக்காவது கேட்டுடப் போகுது."

"கேக்கட்டும். வெள்ளிக்கிழமை மேலாளர் அம்மா எம் மேசைக்கே வந்து சாரி கேட்டாங்க. உங்க மேல சந்தேகப்பட்டது தப்புன்னு நேரா சொன்னாங்க. அவங்க அப்படிச் சொன்னதுக்கப்புறம் மறைச்சு வைக்க எனக்கு மனசு வரல தங்கச்சி. கண்ணு விஷயத்தைச் சொல்லிட்டேன். வேலை போனாலும் போகட்டும்னுதான் சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அவர் பதில் சொல்லுமுன் பின்னால் இருந்து ஒரு பெண்மணி குரல் கொடுத்தாள். இது மூச்சு வாங்குகிற குரல், மாடிப்படி ஏறி வந்த குரல். "அண்ணே, அந்தம்மாவைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாப் படிக்கச் சொல்லுங்களேன், கேட்டுக் கேட்டு எனக்கே தலை சுத்துது!"

"கேட்டுச்சா? எங்க மேலாளர் அம்மாதான். காலையில இருந்து இதே திட்டுதான்" என்று டிரைவர் அண்ணன் சிரித்தார்.

எஃப்-பன்னெண்டு அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரையை உற்றுப் பார்ப்பது போல இருந்தாள். பழக்கதோஷத்தில் விரல் புதுப் புகாருக்கான படிவத்தைத் திறந்துவிட்டது.

"சரிண்ணே, சொல்லுங்க, இப்ப என்ன பிழை? மறுபடி ஆஃப் ஆயிடுச்சா?"

"பிழை ஒண்ணும் இல்ல தங்கச்சி. வண்டி நல்லா ஓடுது. சும்மாதான் கூப்பிட்டேன்."

அவர் வைத்த பிறகும் படிவம் திறந்தே கிடந்தது. பிழை வகை என்ற கட்டத்தில் எதையாவது தேர்ந்தெடுக்காமல் அதை மூட முடியாது. அவள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. தாழ்ப்பாள் அந்தப் பக்கமாக வந்தார், திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "அது அப்படியே இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.